இருப்புப்பாதை ஊர்ப்பெயர் அகவல்: மூலமும் உரையும்

மூலம்

அலைகடற் படகர் அப்பர் பெயரிட்டு
இருந்தவூர்ப் புறத்தே இருப்புப் பாதையின்
தென்னிலத் தூர்தி தொடங்கிய நிலையம்
இராய புரமென இயம்பினர், வடபால்
ஒற்றி யூரும் உவர்க்கழி எண்ணூர்
பழம்பெயர் மாறாப் பாதையில் நிற்பத்
தீக்கோல் ஆலை திரிந்துகை மாறினும்
அதன்தலை எழுத்தே அவ்வூர்ப் பெயரே.

உரை

இச்செய்யுள் என் நுதலிற்றோ எனின், சென்னையின் வடபால் கடலை ஒட்டிக் கிடக்கும் இருப்புப்பாதை ஊர்கள் தத்தம் பெயரை எவ்வாறு பெற்றன என்பதும், பெற்ற பெயர் எவ்வாறு நிலைத்தது என்பதும் உணர்த்துதல் நுதலிற்று. எல்லா அடியும் நாற்சீரான் ஒத்து நிற்றலின் இது நிலைமண்டில ஆசிரியப்பா. நெடிய வரலாற்றை எட்டடியுள் அடக்கிய செய்யுளாகலின் இதன்கண் வறிதே நின்ற சொல் இல்லை. கற்போன் ஊர்தோறும் நின்று செல்லும் பாசஞ்சர் வண்டிபோலச் சீர்தோறும் நின்று செல்க.

அலைகடற் படகர்

அலைகடல் என்பது வினைத்தொகை. அலைத்த கடல், அலைக்கின்ற கடல், அலைக்கும் கடல் என முக்காலத்துக்கும் விரியும். கடல் என்று அமையாது 'அலை' என அடை கொடுத்தது என்னை எனின், இக்கரையின் இயல்பு கூறுதற்கு என்க. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வாராது தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே மோதி உடையும் அலைவரிசை இருந்தது. அதனைக் கடந்து சரக்கையும் ஆளையும் ஏற்றி இறக்கியது மசூலாப் படகு.

அப்படகின் அமைப்பு அறியத்தக்கது. பலகையோடு பலகையை ஆணியால் அறையாது, ஓரத்தே துளையிட்டுக் கயிற்றால் தைப்பர். தையலின் இடையே நாரை வைத்து இறுக்குவர். ஆணி அறைந்த படகு அலை அறைந்தால் பிளக்கும். தைத்த படகு நெகிழ்ந்து கொடுத்துக் கரையேறும். இஃது அறிந்த மக்களே ஈண்டுப் படகர் எனப்பட்டனர். மீனவர் என்னாது படகர் என்றமையின், மீன் பிடித்தலினும் ஏற்றியிறக்கும் தொழிலே ஈண்டுக் கருதப்பட்டது என்க.

இருப்புப்பாதையைக் கூறவந்த செய்யுள் படகரை முதற்கண் வைத்தது ஏன் எனின், கூறுதும். இருப்புத்தூண் நாட்டிய நீள்பாலம் இக்கரையில் வந்தது 1861இல். துறைமுகத்துக்கு அடிக்கல் இட்டது 1875இல். கட்டிய சுவரை 1881ஆம் ஆண்டுப் புயல் குலைத்தது. முதல் ரயில் ஓடியதோ 1856இல். அந்நாளில் தண்டவாளமும் எஞ்சினும் இங்கிலாந்தினின்று கப்பலில் வந்தன. வந்தவை கரையேறுதற்குப் படகர் தோளல்லது வேறு வழி இல்லை. ஆகவே கடலிற் படகு முன்னும் நிலத்தில் ரயில் பின்னுமாக வைத்தது, நிகழ்ந்த முறையே வைத்ததாம்.

அப்பர் பெயரிட்டு

அப்பர் என்றவுடன் திருநாவுக்கரசரை நினைத்தல் தமிழ் கற்றார்க்கு இயல்பு. அவர் பாடிய ஒற்றியூரும் இச்செய்யுளில் வருதலின் மயக்கம் மிகும். ஆயின் ஈண்டு அவர் பொருளல்லர். இராயப்பர் என்னும் பெயர் 'இராய' என்னும் தலை கெட்டு அப்பர் என நின்றது, தலைக்குறை விகாரம். இராயப்பராவார், இயேசுவின் மாணாக்கருள் முதல்வராகிய பேதுரு. சின்னப்பர், அருளப்பர் என்றாற்போலத் தமிழ்க் கத்தோலிக்கர் தம் திருத்தூதர்க்கு இட்டு வழங்கிய பெயர்களுள் இதுவும் ஒன்று.

இராயப்பர் என்னும் சொற்கு இருவகையாகப் பொருள் கூறுவர். இராயர் என்றால் அரசர். ஆகலின் தலைமை பற்றி வந்த பெயர் என்பர் ஒருசாரார். தெலுங்கில் ராயி என்றால் கல். பேதுரு என்னும் கிரேக்கச் சொல்லும் பாறையையே குறித்தலின் அதன் மொழிபெயர்ப்பு இது என்பர் மற்றொரு சாரார். பின்னையதே சிறக்கும், என்னை, அரசர் என்னும் பொருள் பிறர்க்கும் பொருந்தும், பாறை என்னும் பொருள் இவர் ஒருவர்க்கே உரியது ஆகலின்.

படகர் பிறர் பெயரை விட்டு இவர் பெயரைக் கொண்டது தொழில் பற்றி. இராயப்பர் கலிலேயக் கடலில் வலை வீசியவர். படகும் துடுப்பும் அறிந்தவர். இராயபுரத்தில் இன்றும் விளங்கும் புனித இராயப்பர் ஆலயம் படகோட்டும் மக்கள் தம் உழைப்பிற் பெற்ற பொருளால் எழுப்பியது. கோயிற்கு இட்ட பெயர் ஊர்க்கு ஆயிற்று.

இருந்தவூர்ப் புறத்தே

'இருந்த' என இறந்தகாலத்தாற் கூறினமையின் ஊர் முந்தியது, பாதை பிந்தியது என்பது பெறப்படும். இஃது அறியாதார், இருப்புப்பாதை ஊரெல்லாம் இருப்புப்பாதையால் தோன்றியன என மயங்குவர். இவ்வூர் அங்ஙனம் தோன்றியது அன்று.

புறத்தே என்றது வல்லின றகரம். இராயபுரம் என்பதன் ஈற்றில் நின்றது இடையின ரகரம். கற்போன் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளற்க. புரம் என்பது ஊர். புறம் என்பது வெளி. எதற்குப் புறம் எனின், கறுப்பர் நகரம் என அக்காலத்து வழங்கிய இன்றைய ஜார்ஜ் டவுனைச் சூழ்ந்த மதிற்குப் புறம். பிரெஞ்சுக்காரர் முற்றுகையும் ஐதர் அலியின் படையெடுப்பும் கண்டு அஞ்சிய கம்பெனியார் 18ஆம் நூற்றாண்டில் அம்மதிலை எழுப்பினர். அதன் செலவுக்கு நகரத்தாரிடம் வரி தண்ட எண்ணினர், வரி தண்டப்படவில்லை. ஆயினும் வால்டாக்ஸ் ரோடு என ஒரு தெருப் பெயர் இன்றும் சென்ட்ரலின் பக்கத்தே உளது. மதிலும் போயிற்று, வரியும் வந்திலது, பெயர் மாத்திரம் எஞ்சியது. இது செய்யுளின் ஈற்றடிப் பொருளுக்குச் சான்றாதலின் ஈண்டே கூறி வைத்தாம்.

மதிலுக்கு வெளியே நிலம் பரந்து கிடந்தது. கடல் அருகே இருந்தது. வணிகர் வாழும் நகரமும் கோட்டையும் எட்டும் தொலைவில் இருந்தன. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையின் நிலையத்திற்கு இவ்விடம் கொள்ளப்பட்டது.

இருப்புப் பாதையின் தென்னிலத் தூர்தி தொடங்கிய நிலையம்

இரும்பு என்பது மென்றொடர்க் குற்றியலுகரம். பாதை என்பதனோடு புணருங்கால் வன்றொடராகி இருப்பு என நின்றது. தென்னிலத்து என்புழி அத்துச் சாரியை. ஊர்தி என்பது ஊர்ந்து செல்லுதற்குரியது.

தென்னிலம் என்றது, வடக்கே இரண்டு முந்திவிட்டமை கருதி. பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16இல் வண்டி ஓடியது. ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854இல் ஓடியது. மூன்றாவது இது. மெட்ராஸ் ரெயில்வே கம்பெனி போட்ட பாதையில், ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28இல் நிலையத்தைத் திறந்துவைக்க, ஜூலை 1 முதல் மக்கள் ஏறிச் சென்றனர். அப்பாதை நூறு கிலோமீட்டர் அளவு மேற்கே சென்று ஆற்காட்டுக்கு என்று சொல்லப்பட்ட முனையில் நின்றது. அம்முனை இன்று வாலாஜா ரோடு. ஆற்காடு நகரமோ பாலாற்றின் அக்கரையில் உளது. ஊரைத் தொடாத பாதை ஊரின் பெயரைத் தொட்டது எனக் கொண்டு, பெயரிடுதலில் ரயில்காரர் கைவண்மை அறிக.

அற்றேல், 1837 அளவிலேயே செங்குன்றத்தினின்று சென்னைக்கு இருப்புப்பாதை ஒன்று இருந்ததே. ஆர்தர் காட்டனோடு இயைத்துக் கூறப்படும் அப்பாதையை விட்டு இதனைத் 'தொடங்கிய' எனல் யாங்ஙனம் பொருந்தும் எனின், பொருந்தும். அது சாலை போடுதற்குரிய செம்பாறைக் கல்லை ஏற்றி வந்தது. மாந்தர் ஊரும் வண்டி அன்று. செய்யுள் பாதை தொடங்கிய நிலையம் என்றிலது. ஊர்தி தொடங்கிய நிலையம் என்றது. ஒரு சொல்லால் ஒரு மறுப்பை முன்னரே விலக்கிய நுட்பம் இது.

நிலையம் என்பது நிலைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஈண்டு அப்பொருளும் படும். பம்பாயிலும் ஹௌராவிலும் முதற்கண் எழுந்த நிலையங்கள் இன்று இல்லை. அவற்றின் இடத்தில் பெருநிலையங்கள் எழுந்துவிட்டன. இராயபுரத்தின் உயர்ந்த தூண் வரிசையும் நெடிய முகப்பும் மட்டும் நின்றன. நின்றதற்குக் காரணம் பெருமை அன்று, புறக்கணிப்பு. 1873இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. வண்டிகள் சிறிது சிறிதாக அங்கே சென்றன. 1908இல் உருவான மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரெயில்வேக்கு இராயபுரம் தலைமையிடமாக இருந்தது. அதுவும் 1922இல் சென்ட்ரலுக்கு அண்மையில் கட்டிய மாளிகைக்குப் பெயர்ந்தது. கூட்டம் மிக்க நிலையத்தை இடித்துப் பெரிதாக்குவர். கூட்டம் குறைந்ததை அப்படியே விட்டுவிடுவர். அவ்வாறு விடப்பட்டமையால் நாட்டில் எஞ்சியவற்றுள் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்னும் பெயரை இது பெற்றது.

இராய புரமென இயம்பினர்

ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாமையின் இகரம் முன் பெற்று இராயபுரம் என நின்றது. இந்நாளில் இகரம் இன்றி எழுதுவாரே பலர்; வழக்குப் பற்றி அமைக்க. இயம்பினர் என்னும் வினைமுற்றுக்கு எழுவாய் தோன்றா எழுவாய். படகரும் ரயில்காரரும் ஊராரும் எல்லாரும் அடங்கும். அரசாணையால் வந்த பெயராயின் 'விதித்தனர்' என்றிருக்கும்.

ஈண்டு ஓர் அரிய நயம் உளது. இராயப்பர் என்னும் முழுப்பெயரில், முதலடி அப்பர் என்பதை எடுத்து இராய என்பதை விட்டது. நான்காமடி இராய என்பதை எடுத்து அப்பர் என்பதை விட்டது. இரண்டு அடியையும் கூட்டினால் அன்றிப் பெயர் முழுமை பெறாது. ஊரார் நாவில் ஊர்ப்பெயர் தேய்ந்த வரலாறும் அதுவே: இராயப்பர் புரம் என நீண்டு ஒலிக்க வேண்டியது, தலையை வைத்துக்கொண்டு உடலை விட்டது. இஃது ஈற்றடிக்கண் மீண்டும் வரும், மறவற்க.

வடபால்

ஏழாம் வேற்றுமைப் பொருட்டு. இராயபுரத்தினின்று முதற்கண் பாதை மேற்கே சென்றது; வடக்கே சென்றதன்று. விசயவாடாவையும் சென்னையையும் இணைத்த வடபாதை 1899இல் முற்றியது. ஆகலின் நான்காமடியில் 'இயம்பினர்' என நிறுத்தி 'வடபால்' எனத் தொடங்குமிடத்து இடைவெளி 43 ஆண்டு எனக் கொள்க.

ஒற்றி யூரும் உவர்க்கழி எண்ணூர்

ஒற்றியூர் என்பதன் முன் 'திரு' தொக்கது. எண்ணூர் என்புழி உம்மை தொக்கது. எண்ணூரும் என விரிக்க. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள கத்திவாக்கமும், முன்னே உள்ள கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை முதலியனவும் கூறப்பட்டிலவால் எனின், இரண்டு கூறவே ஏனையவும் உடன்கொள்ளப்படும். அவற்றுள் தண்டையார்பேட்டை ஒன்றனைச் சிறிது கூறுதும். தொண்டியை அடுத்த குணங்குடியிற் பிறந்து இங்கு வந்து தவமிருந்த மஸ்தான் சாகிபை மக்கள் தொண்டியார் என்றனர்; தொண்டியார்பேட்டை மருவித் தண்டையார்பேட்டை ஆயிற்று. ஆகவே வடபாதையில் கிறித்தவத் தூதர் பெயரும், இசுலாமியச் சித்தர் பெயரும், சிவன் கோயில் பெயரும் நிலையப் பலகைகளில் நிற்றல் காண்க. ஆசிரியர் கூறாது விட்டாராயினும் அவர் கருத்து இதுவே என்பது எம் துணிபு.

ஒற்றி என்றால் அடகு. ஒற்றுதல் என்றால் தள்ளுதலும் ஆம். ஊழிவெள்ளத்தைத் தள்ளிய தலம் என்பது கோயில் வழக்கு. மூவரும் பாடிய தலமாகலின் இதன் பழமை நிறுவ வேண்டுவதன்று. அடகுப் பொருளை எடுத்துக்கொண்டால், கரையோர மணலையும் தோப்பையும் ஆலைகளிடம் வைத்து மீட்காத ஊர் என ஒரு குறிப்பு இந்நாளில் தோன்றுகின்றது. அது பாடினார் கருத்தோ என வினவுவார்க்கு விடை எளிதன்று.

உவர்க்கழி என்பது உவர்நீர் பரந்த கழி. கொசஸ்தலை ஆறு கடலொடு கலக்குமிடத்து எண்ணூர்க் கழி உளது. உப்பளமும் இறாலும் நண்டும் அதன் பயன். எண் என்பதற்கு எட்டு எனவும் கருத்து எனவும் பொருள் உண்டாயினும், ஆசிரியர் எண்ணை விட்டுக் கழியையே அடையாக்கினார். ஊர் வாழ்வது கழியால் ஆகலின். உவர் என்பதற்கு உப்பு என்பதே நேர்பொருள். உவர்த்தல் என்றால் வெறுத்தலும் ஆம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970களில் எழுந்து 2017இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே வேறு அனல்மின் நிலையங்கள் இன்னும் இயங்குகின்றன. அவற்றின் சாம்பல் கழியிற் படிந்தது. 2023 டிசம்பரில், புயல்மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழியின் நீர்மேல் கருந்தோலாகப் படர்ந்தது. அலையாத்தி வேரிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டது. மீனவர் வாளி கொண்டு அதனை அள்ளினர். அதன் பின்னர் உவர்க்கழி என்னுஞ் சொல்லின் இரண்டாம் பொருள் முதற்பொருளை முந்திவிட்டது.

பழம்பெயர் மாறாப் பாதையில் நிற்ப

மாறா என்பதைப் பெயர்க்கும் கூட்டலாம், பாதைக்கும் கூட்டலாம். பெயர்க்குக் கூட்டின், இருப்புப்பாதை வந்த பின்னும் பழம்பெயர் மாறாது நின்றன என்பது பொருள். பாதைக்குக் கூட்டின், தண்டவாள அகலம் மாறாமை கூறியதாம். சென்னையினின்று தெற்கே சென்ற தாம்பரப் பாதை மீட்டர் அகலமாகப் பிறந்து பின்னர் அகலப்பாதையாயிற்று; வடபாதையோ பிறந்த நாள் தொட்டு 1676 மில்லிமீட்டர். இருபொருளும் கொள்க. நிற்ப என்பது செயவென் எச்சம்.

தீக்கோல் ஆலை திரிந்துகை மாறினும்

தீக்கோல் என்பது தீக்குச்சி. அதனைச் செய்யும் ஆலை, திருவொற்றியூருக்கு வடக்கே எழுந்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டிக் குழுமம் 1923இல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம் அது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் கையால் தீப்பெட்டி ஒட்டிய நாளில் இயந்திரத்தால் குச்சி வெட்டிப் பெட்டி செய்தது. கப்பல் படம் போட்ட ஷிப் தீப்பெட்டி அதன் சரக்கு. கடலோரத்து அடுப்புகளைக் கப்பற்படம் பற்றவைத்தது தற்செயலே. உரையாசிரியர் அதற்குமேல் பொருள் கூறார்.

திரிந்து கைமாறுதல் என்றது, அந்நிறுவனம் 2005இல் ஐ.டி.சி.யின் கைக்குப் போனமை. மாறினும் என்னும் உம்மை இழிவு சிறப்பும்மை. கொள்வாரும் கொடுப்பாரும் மாறுவது வாணிகத்தில் இயல்பு. அம்மாற்றம் பெயரைத் தொடவில்லை என்பது கருத்து.

அதன்தலை எழுத்தே அவ்வூர்ப் பெயரே

அவ்வூராவது விம்கோ நகர். வெஸ்டர்ன், இந்தியா, மேட்ச் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தும், கம்பெனி என்பதன் முதல் ஈரெழுத்தும் கூடி விம்கோ ஆயிற்று. ஆங்கில எழுத்தை ஆங்கிலமாகவே ஒலித்துத் தமிழ் நாவில் ஏற்றிய பெயர் இது. அவற்றைத் தமிழாக்கித் தலையெழுத்துக் கொள்ளின் மே.இ.தீ. என்றாகும்; அதனை ஊர்ப்பெயராக ஒலிப்பார் இல்லை.

மேற்கு இந்தியா எனப் பொருள்படும் பெயர் கிழக்குக் கடற்கரையில் நிற்றல் முரண் அன்றோ எனின், முரணே. ஆயினும் பொருள் மறைந்து ஒலி மட்டும் நின்ற பெயர்க்குத் திசை இல்லை. இதன் அருகிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உளது: 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்க்காக ஏற்படுத்திய குடியிருப்பு காலெட் பேட்டை. அது தேய்ந்து காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று அப்பெயரைக் கேட்பவர் யார் காலடி என்று வினவுவரேயன்றி ஆளுநரை நினையார். முந்நூறு ஆண்டில் காலெட் காலடியானார். விம்கோவோ அத்துணைப் பழமையது அன்று. தமிழ் அதனைக் கடித்து மெல்லத் தொடங்கவில்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையினின்று வடக்கே நீண்டபோது, காலடிப்பேட்டைக்கு ஒரு நிலையமும் விம்கோ நகருக்கு ஒரு நிலையமும் எழுந்தன. மேம்பாலத்தின்மேல் வந்த புதிய வழியும் ஆலை தந்த பெயரையே ஏற்றது.

தலை எழுத்து என்பது இருபொருள்படும்: சொற்களின் முதலெழுத்து என்பது ஒன்று, ஊழ் என்பது மற்றொன்று. உலகவழக்கில் பின்னையதே மிகுதி. முன்னே மறவற்க என்றது இதனை நோக்கியே. இராயப்பரில் தலையாகிய இராய நின்றது. விம்கோவில் சொற்களின் தலைகளே நின்றன. ஒன்று மக்கள் தம் அன்பால் இட்டது. ஒன்று முதலாளி தன் வணிகத்தால் இட்டது. இரண்டும் தேய்ந்த முறை ஒன்றே. செய்யுளின் முதலும் ஈறும் இவ்வாறு பொருந்துதலின் இடையடிகள் இவற்றைச் சேர்த்தற்கு இட்ட பாதை போல்வன என்பாரும் உளர். அது மிகை, உவமையை நீட்டற்க.

எழுத்தே என்புழி ஏகாரம் பிரிநிலை; ஆலையையும் முதலாளியையும் குச்சியையும் பிரித்து எழுத்தை மட்டும் கொண்டது. பெயரே என்புழி ஏகாரம் தேற்றம். அசைநிலை என்பாரும் உளர். அவர் 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குக: அவ்வாண்டில் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் சூட்டினர். அதற்கு முன் 1996இல் ஊரின் பெயரே மெட்ராஸ் நீங்கிச் சென்னை ஆயிற்று. முகப்புப் பலகையை இரண்டு முறையும் மாற்றினர். பயணச்சீட்டில் அந்நிலையத்தின் குறியீடு இன்றும் எம்.ஏ.எஸ்.; மெட்ராஸ் என்பதன் எழுத்து.